சிங்கப்பூரிலிருந்து கப்பல் பயணம்: ஐந்து பேருக்கு நல்ல விலையில் முன்பதிவு செய்வது எப்படி?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரிலிருந்து ஐந்து பேர் செல்ல வேண்டும்: நீங்கள், உங்கள் மனைவி, 13 வயது மகள், 7 வயது மகன், 66 வயதான அம்மா. மே விடுமுறையில் சிங்கப்பூரில் ஏறி சிங்கப்பூரிலேயே இறங்கும் 4 இரவுக் கப்பல் பயணம் வேண்டும். உள்ளூர் முகவர் ஒரு தொகை சொல்கிறார். கப்பல் நிறுவனத்தின் தளத்தில் அதைவிடக் குறைந்த தொகை தெரிகிறது. அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மைத்துனரோ, "கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது எடுத்தால் பாதி விலைதான்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மூவரும் வெவ்வேறு பொருளுக்கு விலை சொல்கிறார்கள். விமானம் ஏறி, விசா எடுத்து, பள்ளி விடுமுறைக்குள் போய்த் திரும்ப வேண்டிய ஐந்து பேர் குடும்பத்துக்கு என் ஆலோசனை ஒன்றுதான். ஆறேழு மாதங்களுக்கு முன்பே, ரத்து செய்தால் முன்பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் பதிவு செய்யுங்கள். மீதித் தொகை கட்ட வேண்டிய கடைசி நாள் வரை விலையைக் கவனித்துக்கொண்டே இருங்கள். இது ஏன் என்று விளங்க, கப்பல் நிறுவனம் எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கப்பல் நிறைந்து போனாலும் காலியாகப் போனாலும் எரிபொருள், மாலுமிகள் சம்பளம், துறைமுகச் செலவு ஆகியவை ஏறக்குறைய ஒன்றுதான். கயிறு அவிழ்த்த பிறகு ஓர் அறை காலியாக இருந்தால் அந்த வருமானம் போனது போனதுதான். அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், அவற்றின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பயணச்சீட்டிலிருந்து வருவதில்லை. மது, சூதாட்டக் கூடம், இணையம், கரைச் சுற்றுலா, சிறப்பு உணவகங்கள் எனக் கப்பலில் ஏறிய பின் நாம் செய்யும் செலவிலிருந்து வருகிறது. ஆகவே அறையைக் காலியாக விடுவதைவிடச் சீட்டின் விலையைக் குறைத்தாவது ஆளை ஏற்றிவிடுவது அவர்களுக்கு லாபம். ஓர் அறைக்கு இருவர் என்று கணக்கிட்டு, அதற்கு மேல் ஏறும் மூன்றாவது, நான்காவது ஆட்களையும் சேர்ப்பதால் இந்தத் தொழிலில் நிரம்பல் விகிதம் 100 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். 2023-ல் ராயல் கரீபியன் குழுமம் ஆண்டு முழுமைக்கும் 105 சதவீதத்துக்கு மேல் காட்டியது. அப்படிப்பட்ட காலத்தில் கடைசி நேரத்தில் மிஞ்சும் அறைகள் குறைவு. மிஞ்சுபவையும் ஐந்து பேருக்குத் தோதாக அமைவதில்லை.

இனி அந்த மூன்று விலைகளுக்கு வருகிறேன். கப்பல் நிறுவனத்தின் தளத்தில் பெரிய எழுத்தில் தெரியும் தொகை, பெரும்பாலும் ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கான அடிப்படைக் கட்டணம். அதற்கு மேல் துறைமுகக் கட்டணமும் வரிகளும் சேரும். கலிபோர்னியாவில் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், கட்டாயக் கட்டணங்கள் எல்லாவற்றையும் விளம்பர விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்றது. அதன் பிறகு அமெரிக்க வாடிக்கையாளருக்குப் பல நிறுவனங்கள் வரி சேர்ந்த தொகையையே காட்டுகின்றன. நமக்குக் காட்டும் பக்கங்களில் இந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது. கடைசித் திரை வரை போய்ப் பார்த்தால்தான் தெரியும். முகவரின் தொகை பெரிதாக இருப்பதற்குக் காரணம், அவர் வரியையும், கப்பல் பணியாளர்களுக்கான கிராட்டியூட்டியையும் சேர்த்தே சொல்லியிருப்பதாகவும் இருக்கலாம். அப்படியானால் அவர் நேர்மையானவர். விலை அதிகம் என்று அவரை ஒதுக்கிவிடாதீர்கள்.

கிராட்டியூட்டி என்பது பணியாளர்களுக்கான அன்பளிப்பு என்று பெயர், ஆனால் நடைமுறையில் அது ஒரு கட்டணம்தான். பெரிய நிறுவனங்கள் பலவும் சாதாரண அறைகளுக்கு, ஆளுக்கு ஓர் இரவுக்கு 16 முதல் 20 டாலர் வரை வசூலிக்கின்றன. பிள்ளைகளுக்கும் உண்டு. 18 டாலர் என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து பேருக்கு நான்கு இரவுகளுக்கு 360 டாலர். ரூபாயில் முப்பதாயிரத்தைத் தாண்டிவிடும். முன்கூட்டியே கட்டாவிட்டால் இந்தத் தொகை கப்பலில் உங்கள் அறைக் கணக்கில் நாள்தோறும் ஏறிக்கொண்டே போகும்.

நான் முதன்முதலாகக் கப்பலில் போனது மூன்று இரவுப் பயணம். கடைசி நாள் விடியற்காலையில் அறைக் கதவின் அடியில் ஒரு தாளைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். கிராட்டியூட்டி நான்கு பேருக்கு, இரண்டு காப்பி, ஒரு புகைப்படம், அதற்குக் கீழே ஒரே மாதிரியான சிறு தொகைகள் வரிசையாகப் பதினெட்டு. என் மகன் வீடியோ கேம் கூடத்தில் தன் அறை அட்டையைத் தட்டித் தட்டி ஆடியதன் கணக்கு அது. விளக்கம் கேட்கலாம் என்று காலை ஆறு மணிக்கு வரவேற்பு மேசைக்குப் போனால், அதே போன்ற தாளோடு எனக்கு முன்னால் முப்பது பேர் நின்றிருந்தார்கள். சீட்டில் நான் மிச்சம் பிடித்ததாக நினைத்திருந்த தொகை முழுவதும் அந்த ஒரு தாளில் போய்விட்டது. இப்போது பல கப்பல்களில் இந்தக் கணக்கைக் கைபேசிச் செயலியிலேயே அன்றாடம் பார்க்கலாம். பிள்ளைகளின் அட்டையில் செலவு செய்யும் வசதியை நிறுத்திவைக்கும்படி ஏறிய அன்றே வரவேற்பு மேசையில் சொன்னால் செய்துகொடுப்பார்கள்.

சலுகை விளம்பரங்களைப் படிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும். "இரண்டாவது பயணிக்கு 60 சதவீதம் தள்ளுபடி" என்றால் காதில் இனிமையாக விழும். ஒருவருக்கு 1,000 டாலர் என்று வைத்தால் இருவருக்கும் சேர்த்து 1,400, ஆளுக்கு 700. அதாவது உண்மையான தள்ளுபடி 30 சதவீதம். அந்த 1,000 என்ற மூல விலைக்கு அந்தக் கப்பலில் யாராவது எப்போதாவது சீட்டு வாங்கினார்களா என்பது வேறு கேள்வி. அதுபோலவே "பிள்ளைகளுக்கு இலவசம்" என்றால் அடிப்படைக் கட்டணம் மட்டுமே இலவசம். துறைமுகக் கட்டணமும் கிராட்டியூட்டியும் அவர்களுக்கும் உண்டு. பள்ளி விடுமுறை நாட்களில் பெரும்பாலும் அந்தச் சலுகையே செல்லாது. ஜனவரி முதல் மார்ச் வரை இந்தத் தொழிலின் பெரிய விற்பனைக் காலம், நவம்பர் கடைசியில் பிளாக் ஃபிரைடே, சிங்கப்பூரில் பயண முகவர்கள் சங்கமான நாட்டாஸ் நடத்தும் கண்காட்சி வாரங்கள் என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு சலுகை ஓடிக்கொண்டுதான் இருக்கும். பெயர் மாறும், ஐந்து பேருக்கான மொத்தத் தொகை பெரிதாக மாறாது. ஒவ்வொரு முறையும் அந்த மொத்தத் தொகையை மட்டும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வாருங்கள். ஆறு வாரத்தில் எது உண்மையான இறக்கம், எது வெறும் பெயர் மாற்றம் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

உங்கள் மைத்துனர் சொல்வது ஃபுளோரிடாவில் இருப்பவருக்குப் பொருந்தும். மயாமிக்கு அருகில் வீடு, ஓய்வுபெற்ற தம்பதி, காரில் போய் ஏறிவிடலாம் என்றால், புயல் பருவமான செப்டம்பரில் கரீபியன் கப்பல்களில் மிஞ்சிய அறைகளைக் கடைசி நேரத்தில் மிகக் குறைந்த விலைக்கு எடுக்கலாம், பலர் எடுக்கிறார்கள். உங்கள் நிலைமை வேறு. கப்பலில் ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய் மிச்சமாகும் அதே இரண்டு வாரத்தில், மே மாதத்து விமானக் கட்டணம் அதைவிட அதிகமாக ஏறியிருக்கும். அதோடு சிங்கப்பூர் விசா கையில் இருக்க வேண்டும். கப்பல் ஏறினால் சிங்கப்பூரைவிட்டு வெளியேறி மறுபடி நுழைகிறீர்கள் என்பதால் அது பலமுறை நுழையும் விசாவாகவும் இருக்க வேண்டும்.

கடைசி நேரத்துக்குக் காத்திருக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம், பலருக்கும் தெரியாதது. மூன்று, நான்கு பேர் தங்கும் அறைகள் எந்தக் கப்பலிலும் குறைவு. அதோடு அவசர காலத்தில் பயணிகள் கூடும் ஒவ்வொரு நிலையத்துக்கும், அதற்குரிய உயிர்காப்புப் படகுக்கும் இத்தனை பேர்தான் என்ற வரம்பு உண்டு. இருவர் தங்கும் அறைகள் பல காலியாக இருந்தாலும், கப்பலின் ஒரு பகுதியில் ஆள் எண்ணிக்கை வரம்பைத் தொட்டுவிட்டால் அங்கே மூன்றாவது ஆளைச் சேர்க்க மாட்டார்கள். குடும்பங்கள் முந்திக்கொண்டு எடுக்க வேண்டியதற்கு இதுதான் முதன்மையான காரணம்.

மே மாதம் என்று நீங்கள் சொன்னதில் ஒரு நல்ல வாய்ப்பு ஒளிந்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு மே முழுவதும் விடுமுறை. சிங்கப்பூர்ப் பள்ளிகளின் ஆண்டு நடு விடுமுறையோ மே கடைசி நாட்களிலோ ஜூன் தொடக்கத்திலோதான் ஆரம்பித்து ஜூன் கடைசி வரை போகிறது. அந்த ஊர்க் குடும்பங்கள் மொத்தமாகக் கப்பல் ஏறும் ஜூன் மாதத்தோடு ஒப்பிட்டால் மே முதல் மூன்று வாரங்களில் கூட்டம் குறைவு. நம் ஊர் விடுமுறைக்காரர்களைக் கப்பல் நிறுவனங்களும் அறிந்திருக்கின்றன என்பதால் அடிமாட்டு விலையை எதிர்பார்க்க வேண்டாம். ஆனாலும் வித்தியாசம் தெரியும். மே 1 தொழிலாளர் தினமும், பௌர்ணமியை ஒட்டி வரும் வெசாக் தினமும் அங்கே பொது விடுமுறைகள். அவற்றை ஒட்டிய நீண்ட வார இறுதிகளைத் தவிருங்கள். வெள்ளிக்கிழமை கிளம்பும் பயணத்தைவிடத் திங்கள்கிழமை கிளம்பும் பயணம் பொதுவாக விலை குறைவு. விடுமுறையில் இருக்கும் உங்களுக்குத் திங்களும் வெள்ளியும் ஒன்றுதானே. தேதியை இரண்டு மூன்று நாள் முன்பின் நகர்த்திப் பார்ப்பதில் கிடைக்கும் மிச்சத்தை எந்தச் சலுகைக் குறியீடும் தராது என்பது என் அனுபவம்.

பதிவு செய்யும்போது முன்பணம் மட்டும் கட்டி, மீதியைக் கிளம்புவதற்கு 75 முதல் 120 நாட்களுக்கு முன் கட்டுவது பொது வழக்கம். பயணத்தின் நீளத்தையும் நிறுவனத்தையும் பொறுத்து இது மாறும். அந்தக் கடைசி நாள்தான் உங்கள் நாட்காட்டியில் சிவப்பு வட்டம் போட வேண்டிய நாள். அதற்கு முன் அதே வகை அறையின் விலை இறங்கினால், குறைந்த விலைக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். அல்லது ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுக்கலாம். முன்பணம் திரும்பக் கிடைக்கும் வகையா என்று முதலிலேயே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது இதற்காகத்தான். திரும்பக் கிடைக்காத வகை சற்று மலிவாக இருக்கும். தேதியை மாற்றினால் ஆளுக்கு ஒரு தொகை பிடித்துக்கொள்வார்கள். வயதான அம்மாவோடு கிளம்பும் நீங்கள் அந்தச் சிறு மிச்சத்துக்கு ஆசைப்படாமல் இருப்பது நல்லது. மீதித் தொகை கட்டிய பிறகு விலை இறங்கினால் பணம் திரும்புவது அரிது. கேட்டால் சில நேரம் கப்பலில் செலவழிக்கும் வரவாகவோ ஒருபடி மேலான அறையாகவோ தருவார்கள். கேட்காதவருக்கு எதுவும் கிடையாது.

அறைகளை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் உங்கள் குடும்பத்துக்கு அதிக மிச்சம் இருக்கிறது என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ஐந்து பேருக்கு ஒரே அறை என்றால் பெரிய குடும்ப அறையோ, 'சூட்' எனப்படும் ஆடம்பர அறையோதான் கிடைக்கும். விலை எட்டாது, சூட்டுக்குக் கிராட்டியூட்டியும் கூடுதல். ஆகவே இரண்டு அறைகள். நால்வருக்கு ஓர் அறை, அம்மாவுக்குத் தனியறை என்று மட்டும் பிரித்துவிடாதீர்கள். அறை விலை இருவருக்கென்று போடப்படுவதால், தனியாகத் தங்குபவர் பெரும்பாலும் இரண்டு பேருக்கான அடிப்படைக் கட்டணத்தையும் கட்ட நேரும். தனியாள் அறைகள் என்று தனியாகக் கட்டுவதை நார்வீஜியன் நிறுவனம் 2010-ல் எபிக் என்ற கப்பலில் பெரிய அளவில் தொடங்கியது. பிறகு வேறு சில கப்பல்களும் பின்பற்றின என்றாலும் அவை எண்ணிக்கையில் குறைவு, விலையும் அப்படி ஒன்றும் குறைவில்லை. மேலும் மூன்றாவது, நான்காவது படுக்கை என்பது பல அறைகளில் கூரையிலிருந்து இறக்கிவிடும் மடிப்புப் படுக்கை. இரவில் ஏணி வைத்து ஏற வேண்டும், இறக்கிவிட்டால் அறையில் நடக்க இடமிருக்காது. நான்கு இரவு நால்வர் அப்படித் தங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

எனவே மூவர், இருவர் என்று பிரியுங்கள். அம்மாவும் மகளும் சன்னல் இல்லாத உள் அறையில். நீங்கள் இருவரும் மகனும் பால்கனி அறையில். பெரும்பாலான கப்பல்களில் நடைபாதையின் ஒரு பக்கம் பால்கனி அறைகளும் மறு பக்கம் உள் அறைகளும் எதிரெதிராக இருக்கும். எதிர் அறை எண்ணாகப் பார்த்து இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்தால், நான்கடி நடையில் அம்மாவும் பால்கனியில் வந்து உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம். இரண்டு பால்கனி அறைகளின் விலையும் கொடுக்க வேண்டாம். இரண்டு பதிவுகளையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள், இரவு உணவில் ஒரே மேசை கிடைக்கும். சீட்டில் ஒவ்வோர் அறையிலும் ஒரு பெரியவர் பெயர் இருக்க வேண்டும் என்ற விதியும் இப்படிப் பிரித்தால் நிறைவேறிவிடும். அம்மாவுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் எடுத்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே உள்ள அறைகளில் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும் என்பதால் அவற்றைத் தவிருங்கள்.

இதே காரணத்தால் "கேரண்டி" அறைகள் உங்களுக்கு வேண்டாம் என்பேன். வகையை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுக்க, அறை எண்ணைக் கப்பல் நிறுவனம் பின்னர் முடிவு செய்யும் முறை அது. விலை குறைவு; இரு நண்பர்கள் போகிறார்கள் என்றால் தயங்காமல் எடுக்கச் சொல்வேன். ஆனால் இரண்டு அறைகளும் அருகருகே வரும் என்று அதில் எந்த உறுதியும் இல்லை. அறையை மேம்படுத்திக்கொள்ள ஏலம் கேட்கச் சொல்லி வரும் மின்னஞ்சல்களும் அப்படித்தான். நீங்கள் போடும் தொகை ஆளுக்கு என்று கணக்கிடப்படும் என்பதையும், ஏலம் கிடைத்துவிட்டால் பார்த்துப் பார்த்து எடுத்த எதிர் அறை கையைவிட்டுப் போகும் என்பதையும் யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முகவரா, நேரடியா என்ற கேள்வியில் நான் முகவர் பக்கமே சாய்கிறேன், நல்ல முகவர் கிடைத்தால். முகவருக்குத் தரகு தருவது கப்பல் நிறுவனம்; அடிப்படைக் கட்டணத்தில் ஒரு குறிப்பிட்ட சதவீதமாக அது போகிறது, துறைமுகக் கட்டணத்துக்கும் வரிக்கும் தரகு கிடையாது. பெரிய முகவர்கள் முன்கூட்டியே அறைகளைக் குழுவாக ஒதுக்கி வாங்கிவைப்பதும் உண்டு. தளத்தில் விலை ஏறிய பிறகும் அவர்களிடம் பழைய விலையில் அறை இருக்கும். தரகில் ஒரு பகுதியைக் கப்பல் வரவாக உங்களுக்கே திருப்பித் தருபவர்களும் இருக்கிறார்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

ஆனால் ரூபாய்க் கணக்கில் கவனம் வேண்டும். ஒருமுறை ஒரு முகவர் எனக்குத் தந்த விலை, கப்பல் நிறுவனத்தின் டாலர் விலையோடு சரியாகப் பொருந்தியது. ரூபாய்க்கு மாற்றும்போது மட்டும் அன்றைய வங்கி விகிதத்தைவிட டாலருக்கு இரண்டரை ரூபாய் கூடுதலாகப் போட்டிருந்தார். கேட்டதற்கு, "எல்லாரும் அப்படித்தான் சார் போடுவாங்க" என்றார். எல்லாரும் போடுவதில்லை. ஆகவே அமெரிக்க டாலர் அல்லது சிங்கப்பூர் டாலர் தொகை, மாற்று விகிதம், ஜிஎஸ்டி, சேவைக் கட்டணம் ஆகிய நான்கையும் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். நேரடியாக வெளிநாட்டுத் தளத்தில் கடன் அட்டையால் கட்டினால் வேறு வகையில் கசியும். பல அட்டைகளில் அந்நிய நாணயப் பரிவர்த்தனைக்கு 2 முதல் 3.5 சதவீதம் வரை கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மேல் ஜிஎஸ்டியும் உண்டு. "ரூபாயிலேயே கட்டலாம்" என்று கட்டணத் திரை ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். அங்கே அவர்கள் போடும் விகிதம் இன்னும் மோசமாக இருக்கும்.

வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக முகவரிடம் வாங்கும்போது டிசிஎஸ் என்ற வரியையும் சேர்த்து வாங்குவார். அது செலவு ஆகாது. உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கப்பட்டு, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது ஈடாகிவிடும் அல்லது திரும்பிவிடும். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுவதால் கட்டும் நாளில் என்ன விகிதம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு முகவர்களின் விலையை ஒப்பிடும்போது இந்தத் தொகையை இரு பக்கமும் நீக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ஏறிய பின் ஆகும் செலவில் இணையமும் பானங்களும்தான் பெரியவை. இணையத்தைக் கருவிக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று விற்கிறார்கள். ஐந்து பேருக்கு ஒரு கருவி போதும், அல்லது நான்கு நாள் இல்லாமலும் இருக்கலாம். கைபேசிகளை 'ஏர்பிளேன் மோடு'க்கு மாற்றிவிடுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பில் தானாக இணைந்துவிட்டால் வரும் ரோமிங் கட்டணம் அறை வாடகையோடு போட்டிபோடும். பானத் தொகுப்புகளை ஏறுவதற்கு முன்பே வாங்கினால் பொதுவாக மலிவு. ஆனால் சில நிறுவனங்களில் ஓர் அறையில் ஒரு பெரியவர் மதுத் தொகுப்பு எடுத்தால் அந்த அறையின் மற்றப் பெரியவரும் எடுத்தாக வேண்டும் என்ற விதி இருக்கிறது. தண்ணீர், பஃபேயில் காப்பி, தேநீர் ஆகியவை இலவசம் என்பதால் உங்கள் குடும்பத்துக்கு எந்தத் தொகுப்பும் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

கரைச் சுற்றுலாவைப் பொறுத்தவரை பயணப் பாதையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சிங்கப்பூர்ப் பயணங்கள் பெரும்பாலும் பினாங்கு, போர்ட் கிள்ளான், புக்கெட் ஆகியவற்றில் ஒன்றையோ இரண்டையோ தொடும். பினாங்கு என்றால் கப்பல் நிறுவனத்தின் பேருந்துச் சுற்றுலாவை வாங்கவே வேண்டாம். கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுன் நகரத்திலேயே இருக்கிறது. இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் லிட்டில் இந்தியா. தமிழிலேயே பேசி இட்லி சாப்பிட்டுவிட்டு, குவீன் தெருவில் 1833-ல் எழுப்பப்பட்ட மகா மாரியம்மன் கோயிலுக்கு அம்மாவை அழைத்துப் போகலாம். போர்ட் கிள்ளான் அப்படியல்ல. அங்கிருந்து கோலாலம்பூர் போய் வரவே சாலையில் மூன்று மணி நேரம் போய்விடும். நெரிசலில் சிக்கினால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. அங்கே மட்டும் கப்பல் ஏற்பாடு செய்யும் பேருந்துக்குக் கொடுக்கும் கூடுதல் தொகை நியாயமானது, ஏனென்றால் அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும்.

இந்தக் கணக்கெல்லாம் கூட்டிப் பார்த்துக் கைமீறுகிறது என்றால், சென்னையிலிருந்தே கிளம்பும் கப்பலையும் பார்க்கலாம். கார்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ், 1990-ல் ஓடத் தொடங்கி ராயல் கரீபியனிடம் பல ஆண்டுகள் ஓடிய கப்பல். 2022-ல் சென்னைக்கு வந்தது, 2023-ல் இங்கிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போனது. விமானச் செலவு இல்லை என்பது பெரிய மிச்சம். ஆனால் மேற்குக் கரையில் பருவமழை வலுக்கும் மாதங்களில்தான் அது பெரும்பாலும் சென்னைப் பக்கம் வந்திருக்கிறது என்பதால் உங்கள் மே மாதத்துக்குப் பொருந்துமா என்பதை அந்த ஆண்டு அட்டவணையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். புதிய பெரிய கப்பல்களில் இருக்கும் சறுக்குகளையும் அலையாட்டக் குளங்களையும் எதிர்பார்த்திருக்கும் உங்கள் மகனுக்கு அது ஏமாற்றமாகவும் இருக்கலாம்.

புத்தம் புதிய கப்பல்தான் வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். புதுக் கப்பலின் முதல் சில மாதங்களில் விலை இறங்காது, தொடங்கும் தேதியும் தள்ளிப்போகலாம். சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட டிஸ்னி அட்வென்ச்சர் 2025 டிசம்பரில் தொடங்கும் என்று சீட்டு விற்றுவிட்டு, பிறகு 2026 மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். அப்படி நேரும்போது கப்பல் பணம் திரும்ப வந்துவிடும். திரும்பப் பெற முடியாத விமானச் சீட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

ஆக, அக்டோபரிலோ நவம்பரிலோ எதிரெதிர் அறைகளை முன்பணம் கட்டிப் பிடித்துவிடுங்கள். விமானச் சீட்டை அதற்கு அடுத்த வாரமே எடுங்கள், கப்பல் கிளம்புவதற்கு முந்தைய நாள் சிங்கப்பூரில் இறங்கும்படி. அன்று காலை இறங்கி மதியம் கப்பல் ஏறலாம் என்ற கணக்கு, விமானம் நான்கு மணி நேரம் தாமதமானால் மொத்தப் பணத்தையும் விழுங்கிவிடும்; ஓர் இரவு விடுதி வாடகை அதற்கான காப்பீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதித் தொகை கட்டும் முன் நோட்டை எடுத்து, அன்றைய மொத்தத் தொகையை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். இறங்கியிருந்தால் முகவருக்குத் தொலைபேசியில் சொல்வதோடு நிறுத்தாமல், திரையைப் படம் பிடித்துக் கையோடு மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள். அந்த விலை மறுநாள் வரை நிற்காது.